உள்ளே ஆள் இருப்பதாகச் சொல்லவில்லை

பாம்பு பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. தீயணைப்பு நிலையம் என்றால் நாங்கள் எந்நேரமும் நெருப்போடு மல்லுக்கு நிற்கிறோம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, ஐயா. வாரத்துக்கு நாலு அழைப்பு வந்தால் அதில் இரண்டு பாம்பு, ஒன்று கிணற்றில் விழுந்த மாடு. மிச்சம் ஒன்றுதான் நெருப்பு. அதுவும் பெரும்பாலும் வைக்கோல் போராக இருக்கும், இல்லாவிட்டால் கொள்ளிடக் கரையில் காய்ந்து நிற்கிற நாணலாக இருக்கும். திருவெள்ளறைப் பக்கம் ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குள் சுருண்டு கிடந்த நல்ல பாம்பை நான் பதற்றமில்லாமல் எடுத்ததை இன்றைக்கும் சொல்வார்கள். என் கை நடுங்குவதில்லை. அது பிறவியிலேயே அப்படி.

என் பெயர் அழகிரி, நிலைய அலுவலர், முப்பத்தோரு வருட சர்வீஸ் என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில். நிலையம் கொள்ளிடத்துக்கு வடக்கே, துறையூர் ரோட்டில். இதுவரை ஒரு மெமோ வாங்கியதில்லை.

விசாரணை அதிகாரியாக நீங்கள் வந்தது ஒரே ஒரு கையெழுத்துக்கு. என்மேல் புகார் கொடுத்த ஜோதி என்கிற பெண் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள். “இதுல நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா ஃபைல முடிச்சிடலாம் அழகிரி” என்றீர்கள். போட்டிருப்பேன். ஆனால் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. மூன்றாவது பத்தியில் ‘மேற்படி புகார் உண்மைக்குப் புறம்பானது என மனுதாரர் ஒப்புக்கொள்கிறார்’ என்று இருக்கிறது. அது சரியில்லை. அவள் புகாரில் இருப்பது உண்மை. தவறு என்று எனக்குத் தெரிந்த ஒரு தாளில் ஒரு பெண் கையெழுத்துப் போடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகையில் அந்த முன்மொழிவு வந்தது. பணியாளர் மறுசீரமைப்பு என்று பெயர். எங்கள் நிலையத்தில் பதினேழு பணியிடம். அதை ஒன்பதாகக் குறைத்து, எட்டுப் பேரைப் புதிதாகத் திறக்கிற நிலையங்களுக்கு மாற்றுவதாகத் திட்டம். பகலில் ஐந்து பேர், ராத்திரி நாலு பேர். நிலையம் தென்கரையில் இருக்கிற பெரிய நிலையத்தோடு இணைக்கப்படும். இங்கே நிலைய அலுவலர் என்று தனியாக ஒருவர் இருக்க மாட்டார். என் பணியிடமும் அதில் போவதாக இருந்தது, ராமநாதபுரம் பக்கம் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. அதை நான் ஒரு காரணமாகச் சொல்லமாட்டேன். உத்தியோகத்தில் இடமாற்றம் சகஜம்.

காரணம் நாலாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ‘இந்நிலையம் கடந்த ஆண்டில் நான்கு அல்லது அதற்கும் குறைவான பணியாளர்களுடன் முப்பத்தொரு தீ அழைப்புகளைக் கையாண்டுள்ளது. அவற்றில் எதிலும் உயிர்ச்சேதம் இல்லை. எனவே தற்போதைய பணியாளர் எண்ணிக்கை தேவைக்கு அதிகமானது எனத் தெரியவருகிறது.’

நீங்கள் அதிகாரி, உங்களுக்கே புரியும். ஐந்து பேர் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது என்று எங்கள் நிலைய விதிகளில் ஒரு வரி இருக்கிறது. யாரும் அதைப் பார்த்ததில்லை. ஒருத்தனுக்கு லீவு, ஒருத்தன் திருவிழா பந்தோபஸ்து, ஒருத்தன் கோர்ட் டூட்டி என்றால் இருக்கிறவர்கள் போவோம். மூன்று பேர் போய் ஒரு தெருவையே காப்பாற்றியிருக்கிறோம். தண்ணீர் பீறிட்டு வருகிற ஹோஸை இரண்டு பேர் பிடிக்க வேண்டும், சாரங்கபாணி ஒருத்தனாகப் பிடித்தான். அன்றைக்குத் தோள்பட்டை நழுவினது இன்னும் சரியாகவில்லை. பானையிலிருந்து தண்ணீர் எடுக்கக்கூட இடது கையைத்தான் நீட்டுவான். அந்த முப்பத்தொன்றில் அதுவும் ஒன்று. ‘உயிர்ச்சேதம் இல்லை.’

நாங்கள் நன்றாக வேலை செய்தோம் என்பதுதான் எங்களுக்கு எதிரான சாட்சி. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

போகாமல் இருக்கவில்லை. மனு எழுதினேன். ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நின்றேன், சீருடை இல்லாமல். எங்கள் உயர் அலுவலரைப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே அழகிரி. அப்படி ஏதாவது ஆனா அப்ப பாத்துக்கலாம்” என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பஸ்ஸில் கொள்ளிடப் பாலம் தாண்டி வரும்போது நான் அதை யோசித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் ஆகாதவரை அவர்கள் பார்க்கமாட்டார்கள். நாங்கள் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் சோதனை முறையாக அமல்படுத்தினார்கள். எட்டுப் பேர் தற்காலிக மாற்றலில் போனார்கள். பகல் ஷிப்டில் நாங்கள் ஐந்து பேர். நான், ஓட்டுநர் வீரமலை, சாரங்கபாணி, சரவணன், முருகானந்தம். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாக ஏற்பாடு. இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மாதக் கடைசியில் நான்தான் அறிக்கை அனுப்புவேன். உயிர்ச்சேதம் என்கிற இடத்தில் இரண்டு தடவையும் ‘இல்லை’ என்று நானே எழுதினேன். ஒவ்வொரு ‘இல்லை’யும் எட்டுப் பேரை இன்னும் கொஞ்சம் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது என்று தெரிந்துதான் எழுதினேன்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை பதினொன்று இருபதுக்கு நிலையத்து லேண்ட்லைன் அடித்தது. அந்த போனில் பேசுவது பதிவாவதில்லை. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கன்ட்ரோல் ரூமுக்குப் போடாமல் நேராக எங்களுக்குத்தான் போடுவார்கள். நான் எடுத்தேன். திருவெள்ளறை தாண்டி ஒரு சின்ன ஊர், பதினோரு நிமிட ஓட்டம். ஓட்டு வீடு, பக்கத்தில் கீற்றுப் போட்ட சமையல்கட்டு. கரண்டுக் கோளாறில் கீற்று பிடித்து, வீட்டுக்குத் தாவியிருந்தது. கூப்பிட்டது அந்த வீட்டு மருமகள் ஜோதி. கடலைக் காட்டில் வேலையாக இருந்தவள் புகையைப் பார்த்து ஓடிவந்திருக்கிறாள்.

அப்போது நிலையத்தில் மூன்று பேர்தான் இருந்தோம். பழுதுக்குக் கொடுத்திருந்த வயர்லெஸ் செட்டை வாங்கிவர சரவணனும் முருகானந்தமும் தில்லை நகருக்கு பைக்கில் கிளம்பியிருந்தார்கள். நான் உடனே முருகானந்தத்தின் செல்லுக்குப் போட்டுத் திரும்பச் சொன்னேன். அவர்கள் பாலத்திலிருந்து திரும்பி வந்து சேர, பதினொன்று முப்பத்துநாலுக்கு ஐந்து பேருமாக வண்டி வெளியேறியது. பதினொன்று நாற்பத்தைந்துக்குச் சேர்ந்தோம். வீட்டுக் கூரை உள்ளே இறங்கியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்த ரெங்கம்மாள், ஜோதியின் மாமியார், உள்ளே இறந்துகிடந்தார். அழைப்புப் பதிவேட்டில் ‘உள்ளே ஆள் இருப்பதாக அழைத்தவர் தெரிவிக்கவில்லை’ என்று குறித்திருக்கிறேன்.

அறிக்கையில் இருப்பது இவ்வளவுதான். நேரம் எதையும் நான் மாற்றவில்லை. அதை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

காத்திருந்த நேரமெல்லாம் வீரமலை இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தான். சாரங்கபாணி தோளை அழுத்திக்கொண்டு பின்னால் ஏறி நின்றான். வீரமலை மூன்று தடவை கேட்டான்.

“போலாமா சார்?”

“அஞ்சு பேரு வரட்டும்.”

“நாம முன்னாடி போவோம் சார், அவங்க பைக்ல பின்னாடி வந்துரட்டும்.”

“ரூல் என்ன சொல்லுதுன்னு உனக்குத் தெரியும்ல?”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். முப்பத்தொரு அழைப்புக்கு அந்த வண்டியை ஓட்டினவன் அவன்தான். மூன்றாவது தடவை, “உள்ள யாரும் இல்லைல்ல சார்?” என்று மட்டும் கேட்டான். “இல்லையாம்” என்றேன். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. நான் மேசைமேல் இருந்த டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது.

அந்த ஐந்து பேர் விதிக்கு அடுத்த வரியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது, ஐயா. உயிர் சிக்கியிருப்பதாகத் தகவல் வந்தால் இருக்கிற ஆளோடு கிளம்ப வேண்டும். நீங்கள் அதைக் கேட்கவில்லை. இதுவரை யாருமே கேட்கவில்லை. பதிவேட்டில் தகவல் இல்லை என்று இருக்கும்போது அந்த வரிக்கு வேலை இல்லை.

மறுநாள் துறையூர் ரோட்டில் மறியல். ரெங்கம்மாளின் உடலை வாங்கமாட்டோம் என்று ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் குறைப்பால் ஓர் உயிர் போனது என்று பத்திரிகையில் வந்தது. எங்கள் உயர் அலுவலரே வந்து ரோட்டில் நின்று பேசினார். அந்த வாரமே சோதனை முறை நிறுத்தப்பட்டது. சித்திரை பிறப்பதற்குள் எட்டுப் பேரும் திரும்பிவிட்டார்கள். முன்மொழிவைக் கைவிட்டதாக ஆணை வந்தது. ஊர்க்காரர்கள் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஆரம்பத்திலிருந்தே எச்சரித்தவர் இவர் ஒருத்தர்தான் என்று பேசினார்கள். அது உண்மைதானே. எச்சரித்தேன்.

ஜோதி விஷயம் மட்டும் நான் எதிர்பார்க்காதது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், அன்றைக்கு நாக்பூரில் இருந்திருக்கிறான். வந்ததும் அவன் அண்ணன் தம்பிகள் பதிவேட்டு நகலை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். கிழவி உள்ளே கிடப்பதை இவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு மாதமாகப் பீ மூத்திரம் அள்ளினவள், சலித்துப்போய் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாள் என்று ஒருத்தன் சொல்லியிருக்கிறான். புருஷன் பேச்சை நிறுத்திவிட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவளை வையம்பட்டிக்கு, தாய்வீட்டுக்கு, அனுப்பிவிட்டார்கள். பிள்ளையை அனுப்பவில்லை.

அவள் மூன்று தடவை நிலையத்துக்கு வந்தாள். வையம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் தடவை வந்தபோது கோபமாக இருந்தாள்.

“நான் சொன்னேன்ல சார்? அத்தை உள்ள இருக்காங்கன்னு சொன்னேன்ல? நீங்கதானே போன் எடுத்தீங்க?”

நான் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். “பதட்டத்துல விட்டுப்போயிருக்கும்மா. எல்லாருக்கும் நடக்கிறதுதான். உங்களை யாரும் குத்தம் சொல்லலை” என்றேன். அவள் தண்ணீரைக் குடிக்காமல் எழுந்துபோய்ப் புகார் கொடுத்தாள்.

இரண்டாவது தடவை வந்தபோது கோபம் இல்லை. “நான் அன்னைக்கு என்னதான் சார் சொன்னேன்? ஒண்ணொண்ணா சொல்லுங்க சார்” என்றாள். வீடு எரிகிறது என்றீர்கள், ஊர்ப் பெயர் சொன்னீர்கள், மாரியம்மன் கோயில் பக்கம் என்றீர்கள், சீக்கிரம் வாங்க என்றீர்கள் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டாள். முடிந்ததும், “அவ்வளவுதானா?” என்றாள். அவ்வளவுதான் என்றேன். மடக்கின விரல்களை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது தடவை போன வாரம். வாசலிலேயே நின்றாள். “மன்னிச்சிடுங்க சார். எனக்குத்தான் ஞாபகம் பிசகிப்போச்சு. உங்க பேர்ல வீணா மனுப் போட்டுட்டேன். வாபஸ் வாங்கிடறேன்” என்றாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். “பரவாயில்லைம்மா, மனசுல வெச்சுக்காதீங்க” என்றேன். பஸ் ஸ்டாப்வரை கொண்டுபோய் விடச் சொல்லி சரவணனை அனுப்பினேன்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். பேனாவை வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

சரவணனும் முருகானந்தமும் கிளம்பியிருந்தார்கள் என்று அறிக்கையில் இருக்கிறது. கிளம்பவில்லை. போன் அடித்தபோது பைக் கேட்டுக்குள்தான் நின்றது. முருகானந்தம் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தான். நான் நிற்கிற ஜன்னலிலிருந்து பத்தடி. போனில் ஜோதி சொன்னது இதுதான்: “சார், வீடு எரியுது சார். எங்க அத்தை உள்ள படுத்திருக்காங்க, எந்திரிக்க முடியாது அவங்களால. கதவுகிட்ட போக முடியல சார். கத்துறாங்க சார், கேக்குது.” அதற்கப்புறம்தான் ஊர்ப் பெயர், கோயில் எல்லாம். தெளிவாகவே சொன்னாள். அப்படிப்பட்ட நேரத்தில் அவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர்கள் குறைவு.

சரவணன் என்னைப் பார்த்து, ஏதாவது அழைப்பா என்று தலையை ஆட்டிக் கேட்டான். நான் ரிசீவரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, நீங்கள் போங்கள் என்று சைகை காட்டினேன். அவர்கள் போனார்கள். பைக் ரோட்டில் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு ஜோதியிடம், “வந்துட்டே இருக்கோம்மா, பயப்படாதீங்க” என்றேன். போனை வைத்தேன். பதிவேட்டைத் திறந்து அந்த வரியை எழுதினேன். நடந்து முடிந்த பிறகு தப்பித்துக்கொள்வதற்காக எழுதினேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. முதலிலேயே எழுதிவிட்டேன். மை காய்ந்த பிறகு வெளியே வந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நாலு நிமிடம் கழித்துத்தான் முருகானந்தத்துக்கு போன் போட்டேன். அவர்கள் பாலத்துக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் புகைதான் காரணம் என்றார். உடம்பில் தீக்காயம் அதிகம் இல்லை. கதவிலிருந்து கட்டில் தள்ளி, பின்சுவர் ஓரமாக இருந்தது. வெளியே நின்றவர்களுக்குக் கடைசியாக அவர் குரல் கேட்டது பதினொன்று முப்பத்தைந்து வாக்கில் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இருபதுக்கே கிளம்பியிருந்தால் முப்பத்தொன்றுக்கு அங்கே இருந்திருப்போம். எனக்குப் பின்சுவரை உடைக்கத் தெரியும். பலமுறை உடைத்திருக்கிறேன்.

ரெங்கம்மாளை எனக்குத் தெரியாது. பகை ஒன்றும் இல்லை. அன்றைக்கு வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் இதேதான். ஒருவிதத்தில் அது நியாயம்தான், நான் யாரையும் பொறுக்கவில்லை.

நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். என்ன யோசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. நானும் அதை யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதை நீங்கள் எழுதினால், சோதனை முறையில் குறை இல்லை, ஆள்தான் குற்றவாளி என்று ஆகும். கைவிட்ட முன்மொழிவு மறுபடி மேசைக்கு வரும். நாலாம் பக்கத்தை யாரும் மறுக்க முடியாது. பதினேழு ஒன்பதாகும். அடுத்த தடவை உண்மையிலேயே ஆள் இல்லாமல் யாராவது சாவார்கள். எழுதாமல் விட்டால், வருகிற புதன்கிழமை ஜோதி உங்கள் அலுவலகத்துக்கு வந்து, தான் சொன்னது பொய் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வையம்பட்டி பஸ் ஏறுவாள். பிள்ளை அவளிடம் வராது. இதில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அது உங்கள் பொறுப்பு. நான் என் பங்கைச் சொல்லிவிட்டேன், இனி என் கையில் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுதினாலும் எழுதாவிட்டாலும், அவளிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவள் சொன்னாள் என்று. அவள் ஞாபகத்தில் ஒரு பிசகும் இல்லை என்று. பாவம், அந்தப் பெண்ணுக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும். இத்தனை நாளில் அவளுக்கு இவ்வளவாவது செய்யவேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? கேட்டதும் அவள் என்னைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டுமென்று கிளம்பிவிடுவாள். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஐயா. வையம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.